பிரேக் அக்கா மெதுவாக்கிய தெரு

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பிரேக் அக்கா. மீதிப் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொள்ளப் போய், பயந்து, பேருந்திலேயே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று திரும்பி வந்தவர்கள். நான் இரண்டாவது வகை. ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில், அவர் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருந்ததால், வகுப்பிலிருந்து தப்பித்தேனே ஒழிய அவரிடமிருந்து தப்பிக்க முடியவில்லை.

பயிற்சிக் காரில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் சொதப்பினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்திவிடலாம். அக்கா தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே கழித்தவர். அந்தக் கால், வேலை முடிந்த பிறகும் ஓய்வெடுக்காது. பேருந்தில் போனால் முன்சீட்டுக்காரரின் பை நசுங்கும். டிவியில் யாராவது காரைத் துரத்தினால் கால்மிதி சுருண்டுபோகும். கணவர் கொஞ்சம் அவசரமாகச் சாப்பிட்டால்கூட மேஜைக்கு அடியில் ஒரு மிதி விழும். இதை அந்தக் கணவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளை எல்லாம் ஓட வைத்துவிட்டு, லிஃப்ட் இல்லாத எங்கள் பழைய கட்டடத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறி வருவார். "ஏன் மாமா, இவ்வளவு அமைதியா இருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கும் சேர்த்து அவ பேசிடறா தம்பி. நான் தலையாட்டினா போதும்" என்றார்.

எங்கள் தெரு அப்போது தெருவே அல்ல, ஒரு குறுக்குவழி. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே நீளமாக, அகலமாக, நேராக இருந்தது. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாரும் உள்ளே நுழைந்து பறப்பார்கள். ஒரு முனையில் பள்ளிக்கூடம், மறுமுனையில் தீயணைப்பு நிலையம், நடுவில் எங்கள் கட்டடம், எதிரே பேக்கரி. ரொட்டி வாங்க எதிர்ப்பக்கம் போவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அக்காவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருதான். தன் மாணவர்கள் திரும்பிப் பழக இவ்வளவு அகலமான தெரு வேறெங்கும் கிடைக்காது என்று பெருமையாகக்கூடச் சொல்வார்.

ஒரு நாள் காலை அவரே ரொட்டி வாங்கக் கிளம்பினார். இருபுறமும் பார்த்துத்தான் இறங்கினார். பாதி தூரம் போனவர், பேக்கரி வாசலில் யாரோ கோணலாக நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்து, அங்கேயே நின்று, "இது பார்க்கிங்கா, பழிவாங்கலா?" என்று குரல் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன கார் அவரை இடித்தது. நல்லவேளை, கடைசி நொடியில் பிரேக் பிடித்துவிட்டார்கள். அக்கா தூக்கி எறியப்படவில்லை, உட்கார்ந்துவிட்டார். ஆனால் சக்கரம் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது.

காரிலிருந்து அழுதுகொண்டே இறங்கி ஓடி வந்தது ஒரு பெண். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். அக்காவிடம் படித்து, முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கியவள். சிறந்த மாணவி என்று அவளுடைய போட்டோவை அக்கா தன் பயிற்சி நிலையச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

"ஐயோ, அக்கா! நீங்களா!"

"நான்தான். இண்டிகேட்டர் போட்டியா?"

"நேராத்தானேக்கா வந்தேன்…"

"சரி, அப்போ வேண்டாம். எந்த கியர்ல வந்தே?"

அவள் விசும்பினாள்.

"கேக்கறேன்ல. மூணா?"

"நாலுக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் வலியில் மூடுகிறார் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது அவமானம்.

சேர்த்த ஆஸ்பத்திரியும் அந்தப் பெண் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான். அதனால் அவள் வேளாவேளைக்குக் கட்டில் பக்கம் வந்து நின்றாள். ஒருநாள் அக்கா கேட்டார்: "உன்னை நான் அப்படியா ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன்? என்னடி அவசரம்?"

"டியூட்டிக்கு லேட்டாயிடுச்சுக்கா. முன்னாடி இங்கதான், ரெண்டு தெரு தள்ளி இருந்தேன். நடந்தே வந்துடுவேன். வாடகையை ஏத்திக்கிட்டே போனாங்க, கட்டுப்படி ஆகல. இப்ப ஊருக்கு வெளியில இருக்கேன். விடிகாலையில அங்கிருந்து பஸ் கிடையாது. அதனாலதானே உங்ககிட்ட கார் கத்துக்க வந்தேன்."

அக்கா கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆக, என் காலை உடைச்சது உன் பழைய வீட்டுக்காரன்னு சொல்றே."

அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சுதான்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதுதான் எல்லாருக்கும் வினையாகப் போயிற்று. எங்கள் தெருவை அக்கா முதல்முறையாகக் காருக்கு வெளியிலிருந்து பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு ஓரத்தில் நடுங்கி நிற்பதையும், பேக்கரிக்கு வருகிறவர்கள் ஓட்டப்பந்தய வீரர்கள் மாதிரிப் பாய்வதையும் பார்த்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? கத்த ஆரம்பித்தார். "ஏய் நீலச் சட்டை! ரெண்டாவது கியருக்கு வா!" "அம்மா, ஃபோனை வைங்க, ஸ்டியரிங்கைப் பிடிங்க!" வேகமாக வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள். குரலைக் கேட்டதும் அனிச்சையாகக் கால் பிரேக்குக்குப் போய்விடும். மற்றவர்கள், யார் கத்துவது என்று மேலே பார்த்தபடி இன்னும் கோணலாக ஓட்டினார்கள்.

எதிர்வரிசையில் சொந்த வீட்டில் இருந்த பெரிய டீச்சர் இதைப் பொறுக்க முடியாமல் புகார் சொல்ல வந்தார். பெரிய டீச்சர் என்றால், தெருமுனைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஒற்றுப்பிழை விட்டால் கடைப்பலகையைக்கூட இறக்கி எழுதவைப்பவர்.

"ஏம்மா, காலையிலிருந்து இந்தக் கத்து கத்தறியே, தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"நான் கத்தலைன்னா ஒரு பிள்ளை அடிபடும் டீச்சர். வந்து உட்கார்ந்து பாருங்க."

டீச்சர் உட்கார்ந்தார். ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யாரது? நில்!" என்று போட்ட அதட்டலில் ஒரு லாரியே நின்றது. அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

அக்கா ஊன்றுகோலில் நடக்க ஆரம்பித்ததும் இரண்டு பேரும் மாநகராட்சியின் சாலைப் பிரிவு இன்ஜினியரைப் பார்க்கப் போனார்கள். தெரு முழுக்க வேகத்தடை போட வேண்டும், நல்ல உயரமாக, ஏறி இறங்கினால் பல் ஆடுகிற மாதிரி என்று அக்கா கேட்டார். இன்ஜினியர் ஒல்லியான, பொறுமையான மனிதர்.

"வேகத்தடை போட்டா தீயணைப்பு வண்டியும்தான் மெதுவாப் போகும் மேடம். ஆம்புலன்ஸ்ல முதுகெலும்பு உடைஞ்சவங்க படுத்திருந்தா என்ன ஆகும்? தெரு அகலமா இருக்கறதுதான் பிரச்சினை. அகலத்தைப் பார்த்தாலே கால் தானா அழுத்தும். நடைபாதையை ரெண்டு பக்கமும் அகலப்படுத்தி, வண்டி ஓடற பகுதியைக் குறுக்கிவிடலாம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குறுக்கறதா? அப்புறம் என் ஸ்டூடண்ட்ஸ் எங்க வண்டியைத் திருப்புவாங்க?"

"நீங்க தெருவுக்காக வந்திருக்கீங்களா, கிளாஸுக்காக வந்திருக்கீங்களா?"

அக்கா வாயடைத்துப் போன தருணம் என் நினைவில் அது ஒன்றுதான். அதை நான் நேரில் பார்க்கவில்லை, டீச்சர் சொல்லிக் கேட்டதுதான். டீச்சர் அதைத் தெரு முழுக்கச் சொன்னார்.

முதலில் வெள்ளோட்டமாகப் பூந்தொட்டிகளை வைத்துத் தெருவைக் குறுக்கினார்கள். முதல் நாள் ஒரே ரகளை. வாசலில் வண்டி நிறுத்த இடம் போய்விட்டது என்று பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து குதித்தார். அக்காவின் புது மாணவர் ஒருவர் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே காரைக் குறுக்காகச் செருகிவிட்டு, முன்னாலும் போகத் தெரியாமல் பின்னாலும் வரத் தெரியாமல் திணறினார். அக்கா நடைபாதையில் ஊன்றுகோலை ஆட்டி ஆட்டி வழி சொன்னதைப் பார்க்கப் பெருங்கூட்டம். ஆனால் அந்தக் கூட்டம் நின்றது நடுத்தெருவில், பயமில்லாமல். அதை இன்ஜினியர்தான் எங்களுக்குக் காட்டினார்.

கொஞ்ச நாளில் குறுக்குவழிக்காரர்கள் எங்கள் தெருவை மறந்தார்கள். தொட்டிகள் போய் மரங்கள் வந்தன. பள்ளி வாசலில் சாலையையே நடைபாதை உயரத்துக்கு உயர்த்தி, கடக்கும் இடம் கட்டினார்கள். நடப்பவர்கள் கூடியதும் பேக்கரியில் வியாபாரம் சூடு பிடித்தது. பேக்கரிக்காரர் வாசலில் பெஞ்சு போட்டார். இப்போது கேட்டால், தெருவைக் குறுக்கச் சொன்னதே தான்தான் என்பார். அக்காவுக்கும் கால் சரியாகி, வகுப்புகள் தொடங்கின. குறுகிய தெருவில் பழகிய மாணவர்கள் தேர்வில் சுலபமாகத் தேறினார்கள். அதற்கும் தன் திறமைதான் காரணம் என்று அக்கா அடக்கத்தோடு சொல்லிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தெரு நன்றாக ஆனதை நாங்கள் மட்டும் பார்க்கவில்லை. வீட்டுத் தரகர்களும் பார்த்தார்கள். சாயங்காலம் ஆனால் யார் யாரோ வந்து மரத்தை அண்ணாந்து பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, "இங்க வீடு கிடைக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் இருந்தவருக்கு, எங்கு போவதானாலும் மருமகனின் தயவை எதிர்பார்ப்பது பிடிக்காமல், அந்த வயதில் கார் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. அக்காவிடம்தான் சேர்ந்தார். வீட்டில் அக்கா அவருடைய குடித்தனக்காரர், காருக்குள் அவர் அக்காவின் மாணவர். யார் யாருக்குப் பயப்படுவது என்று இருவருக்குமே குழப்பம்.

ஒருநாள் பாடத்தின் நடுவே, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் டாக்டர் பேச்சைத் தொடங்கினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. கொஞ்சமாத்தான் வலிக்கும்."

இத்தனை காலம் பல்லைப் பிடுங்குவதற்கு முன் சொல்லிவந்த அதே குரல்.

"மருமகன் கட்டடத்தை இடிச்சிட்டு உயரமா கட்டலாங்கறார். நல்ல வசதியான வீடுங்க. எல்லாரையும் காலி பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும்."

கார் குலுங்கி நின்றது. பள்ளி வாசலில், கடக்கும் இடத்துக்கு நட்டநடுவில்.

"ஏம்மா நிறுத்தினீங்க?"

"நான் எங்க நிறுத்தினேன்? கால் நிறுத்திடுச்சு."

"தப்பா எடுத்துக்காதீங்க. தெரு இப்ப எவ்வளவு அழகாயிடுச்சு! ஆளாளுக்கு இங்க வர ஆசைப்படறாங்க. எல்லாம் உங்களாலதான். மருமகன்கூடச் சொன்னார், உங்களுக்கு நன்றி சொல்லணும்னு."

அக்கா பாடத்தை முழுசாக முடித்தார். அன்றுதான் டாக்டர் முதல்முறையாகக் காரைப் பின்பக்கமாக எடுத்து ஒழுங்காக நிறுத்தினார். பாராட்ட அக்காவுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த அமைதியான மனிதர் வாயைத் திறந்து, "உயரமான கட்டடம்னா லிஃப்ட் வருமே" என்றார். வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிறவர் அதற்கு அந்த நேரத்தையா தேர்ந்தெடுக்க வேண்டும்? அடுத்த சில நாட்கள் அவர் தனக்குத் தானே டீ போட்டுக்கொண்டார்.

அக்கா நேராகப் பெரிய டீச்சரிடம் ஓடினார். அங்கே நல்ல செய்தி காத்திருந்தது. புதுக் கட்டடம் வரவே கூடாது என்று டீச்சர் ஏற்கெனவே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்.

"எத்தனை குடும்பம் வரும், எத்தனை வண்டி வரும், யோசிச்சுப் பாரு! நாம பாடுபட்டு உண்டாக்கின அமைதி என்ன ஆகறது? விட மாட்டேன்."

"நல்லா சொன்னீங்க டீச்சர். அப்போ நாங்க காலி பண்ண வேண்டியதில்லை."

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "கட்டடம் வராதுன்னா டாக்டர் சும்மா இருப்பாரா? பெயின்ட் அடிச்சு வாடகையை ஏத்துவார். அதை நாம என்ன பண்ண முடியும்? உனக்கு வேற நல்ல இடமா நானே விசாரிக்கிறேன். ஊருக்கு வெளியில காத்தோட்டமா இருக்குமாம்."

அதை அவர் உண்மையான பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் அக்காவுக்கு அதிகம் வலித்தது. டாக்டரின் மருமகனுடைய திட்டத்திலும் அக்காவுக்கு இடமில்லை, டீச்சருடைய போராட்டத்திலும் இடமில்லை. தான் கால் உடைந்து, கத்தி, அலைந்து சரிசெய்த தெருவில் தான் இருக்க முடியாது. அன்று மாலை அவர் பேக்கரி பெஞ்சில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் பயந்துபோய் எனக்கு ஃபோன் செய்தார். "உடம்புக்கு ஏதாவதா? ஒருத்தரையும் திட்டலையே!"

அடுத்து யாரையாவது திட்டியாக வேண்டும். இன்ஜினியர் கிடைத்தார். "உங்களாலதான் எல்லாம்! தெருவை அழகாக்கி எங்களைத் துரத்திட்டீங்க!" என்று அவர் அறைக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார். இன்ஜினியர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திட்டறதை உட்கார்ந்தே திட்டுங்க. ஆனா அந்தத் தெருவுல அவ்வளவு உயரம் கட்டணும்னா மாநகராட்சி தனி அனுமதி தரணும். பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்டுத்தான் தருவாங்க. அனுமதிக்கு நிபந்தனை போடலாம். இருக்கறவங்களுக்கு அதே வாடகையில வீடு, அது மாதிரி. அதெல்லாம் வீட்டு வசதிப் பிரிவு, வராண்டாவுல கடைசி ரூம். நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அக்கா எல்லாரிடமும் சொன்னார்.

கட்டடத்துக் குடித்தனக்காரர்கள் அத்தனை பேரும் என் வீட்டில் கூடினோம். மேல்மாடி என்பதால் ஒட்டுக்கேட்க முடியாது என்று அக்காவின் கணக்கு. கீழ்வீட்டுத் தையல்காரர், இன்னும் சிலர், கூடவே அக்கா அழைத்து வந்த லேப் பெண். நாற்காலி போதாமல் எல்லாரும் கட்டிலில் உட்கார்ந்ததில் அதன் ஒரு கால் போயிற்று. கட்டடத்தையே எதிர்க்கலாம் என்று ஒருவர், பணம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒருவர். அக்கா கையை உயர்த்தினார்.

"கட்டட்டும். எவ்வளவு உயரமா வேணாலும் கட்டட்டும். நமக்கும் உள்ள இடம் வேணும், நம்ம மாதிரி இன்னும் நாலு பேருக்கும் வேணும். இந்தப் பொண்ணு எதுக்கு ஊருக்கு வெளியிலிருந்து ஓடி வரணும்?"

"டீச்சரை எதிர்த்தாக்கா?" என்றேன்.

அக்கா கட்டிலின் உடைந்த காலை எடுத்து ஓரமாக வைத்தார்.

டாக்டரை வழிக்குக் கொண்டுவந்தது காரில்தான். வண்டி ஓடும்போது அக்கா அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார், தொழில் தர்மம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் பேசுவார். டாக்டருக்குச் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே வியர்க்க ஆரம்பித்தது.

"நாங்க எதிர்த்தா உங்க கட்டடம் இழுத்துக்கிட்டே போகும் டாக்டர். நாங்க ஆதரிச்சா சீக்கிரம் அனுமதி கிடைக்கும். கூட ஒரு மாடிகூடக் கிடைக்கலாம்."

"மருமகன் ஒத்துக்கணுமே…"

"பச்சை விழுந்துடுச்சு. கிளட்ச்சை மெதுவா விடுங்க."

கருத்துக் கேட்கும் கூட்டம் மாநகராட்சி அரங்கில் நடந்தது. முதலில் பெரிய டீச்சர் பேசினார். அப்படிப் பேச யாரால் முடியும்? தெருவின் பழைய ஆபத்தையும் இன்றைய அமைதியையும் கண்முன் நிறுத்தினார். ஜனக்கூட்டம் வந்தால் இந்த அமைதி போய்விடும் என்று அவர் முடித்தபோது, எதிர்க்கட்சியான நானே கை தட்டிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டேன்.

அக்காவுக்கு மேடைப்பேச்சு வராது. மைக்கைப் பிடித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "முதல்ல எல்லாரும் சீட் பெல்ட்…" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, சிரிப்பலை எழுந்து, நிறுத்தி, தண்ணீர் குடித்தார். பிறகு டீச்சரைப் பார்த்தே பேசினார்.

"டீச்சர் சொன்னது எல்லாம் நிஜம். அவங்க இல்லைன்னா இந்தத் தெரு மாறியிருக்காது. ஆனா என் காலை உடைச்ச கார் எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கலை. ஊருக்கு வெளியிலிருந்து வந்துச்சு. ஓட்டினது என் ஸ்டூடண்ட். நல்லா ஓட்டற பொண்ணு. இங்க நடந்து வேலைக்குப் போயிட்டிருந்தவளை வாடகையை ஏத்தி விரட்டினோம். விரட்டினதால கார் வாங்கினா, லேட்டானதால வேகமா வந்தா. இப்ப எங்களையும் வெளியில அனுப்பினா நாங்களும் கார்லதான் டீச்சர் வருவோம். உங்க வாசல் வழியாத்தான் வருவோம். நாங்க இங்கயே இருந்தா நடந்து போவோம். உங்களுக்கு எது வசதி?"

அவ்வளவுதான். முடித்துவிட்டேன் என்று சொல்லக்கூடத் தோன்றாமல், மைக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊழியர் வந்து வாங்கிக்கொண்டு போனார். லேப் பெண் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. பழைய குடித்தனக்காரர்கள் பழைய வாடகைக்கே திரும்பி வரலாம். கூடுதல் மாடியில் வரும் வீடுகள் அக்கம்பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, மாநகராட்சி வைக்கும் வாடகைக்கு, குலுக்கல் முறையில். பேருந்து நிறுத்தம் பக்கத்திலேயே இருப்பதால் வண்டி நிறுத்துமிடம் குறைவு. மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் கூடுதல் மாடியின் வாடகையும் தங்களுக்குத்தான் என்பது அவரையும் சமாதானப்படுத்தியது.

கட்டி முடிக்கும்வரை நாங்கள் சிதறிக் கிடந்தோம். அக்காவும் கணவரும் நெடுஞ்சாலை ஓரம் ஒரு வீட்டில் இருந்தார்கள். அங்கே லாரிகளைப் பார்த்துக் கத்திக் கத்தி அக்காவின் குரலே மாறிப்போயிற்று. கட்டடம் முடிந்ததும் திரும்பி வந்தோம், ஆனால் எல்லாரும் வரவில்லை. தையல்காரர் தன் தங்கை வீட்டுப் பக்கத்தில் கடை போட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டார். அவருடைய வீட்டைத் தாண்டும்போதெல்லாம், அதாவது அவருக்கென்று ஒதுக்கிய வீட்டைத் தாண்டும்போது, அக்கா இன்றும் ஒரு வினாடி நிற்பார். குலுக்கலில் லேப் பெண்ணின் பெயர் விழவில்லை. "குலுக்கினவனுக்குக் கைராசி இல்லை" என்று அக்கா ஒரு மாதம் புலம்பினார். அடுத்த ஆண்டு பேக்கரிக்குப் பின் சந்தில் இதே மாதிரி நிபந்தனையோடு ஒரு கட்டடம் வந்தபோது அவளுக்குக் கிடைத்தது. இப்போது வேலைக்கு நடந்து போகிறாள். காரை விற்றுவிட்டாள். சிறந்த மாணவி கார் ஓட்டுவதையே விட்டுவிட்டாளே என்று அக்காவுக்குக் கொஞ்சம் மனக்குறை. போட்டோவைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். பல முயற்சிக்குப் பிறகு என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

டீச்சர்தான் பேசவில்லை. எதிர்ப்பட்டால் மரத்தைப் பார்ப்பார். அக்காவும் ஏட்டிக்குப் போட்டியாக அடுத்த மரத்தைப் பார்ப்பார். புதுக் கட்டடத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் டீச்சர் வீட்டில் தமிழ் படிக்கப் போனார்கள், அவர்களிடம் அக்காவின் நலத்தை டீச்சர் விசாரிப்பதாகத் தகவல் வரும். அக்கா அதே பிள்ளைகளிடம் டீச்சரின் மூட்டுவலி பற்றிக் கேட்பார். நேரில் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் கணவர். போராட்டம் எதுவும் இல்லாமல் அக்கா சாயங்காலங்களில் வீட்டில் இருந்தார். கணவர் பாத்திரம் கழுவும் முறை, துணி மடிக்கும் முறை, மூச்சு விடும் முறை எல்லாவற்றையும் கவனிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. ஒரு மாலை கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கி, தெருவைக் கடந்து டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"டீச்சர், ஏதாவது ஒரு தெரு பாருங்க. எந்தத் தெருவா இருந்தாலும் பரவாயில்லை. இவளை வீட்டுல வெச்சுக்க முடியலை."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போற ரோடு இருக்கே, பார்த்திருக்கீங்களா? நடைபாதையே கிடையாது. நோயாளிங்க சேத்துல நடக்கறாங்க. நான் தனியா எழுதி எழுதிப் பார்த்துட்டேன், ஒருத்தனும் அசைய மாட்டேங்கறான்."

"இதோ அனுப்பறேன்" என்றார் கணவர்.

சிறிது நேரத்தில் அக்கா இறங்கி வந்தார். டீச்சர் கேட்டுக்கு வெளியே குடையோடு தயாராக நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போற வழியில கத்தக் கூடாது" என்றார் டீச்சர்.

"நீங்க என் எழுத்தைத் திருத்தக் கூடாது" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள். திருப்பத்தை அடைவதற்குள், நடைபாதை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் சண்டை ஆரம்பித்துவிட்டது. கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டி, பேக்கரிக்காரரிடம் டீ கேட்டார்.